மக்தலா: பம்பாய்த் துறைமுகத்தின் மிதக்கும் கோட்டை

புனே கட்கியில் பம்பாய் சாப்பர்ஸ் என்னும் ராணுவப் பொறியாளர் படையின் மையம் இருக்கிறது. அந்தப் படைக்கு ‘அபிசீனியா’ என்ற போர் விருது உண்டு. நம் மெட்ராஸ் சாப்பர்ஸுக்கும் உண்டு. பம்பாய் ராணுவத் தளபதி ராபர்ட் நேப்பியர் தலைமையில் அன்று அபிசீனியா எனப்பட்ட எத்தியோப்பியாவுக்குச் சென்ற பிரிட்டிஷ் படையில் இரு பிரிவினரும் இருந்தனர். 1868 ஏப்ரல் 13 அன்று மக்தலா மலைக்கோட்டை வீழ்ந்தது. அந்தப் படையெடுப்பின் நினைவாகவே, பம்பாய்த் துறைமுகக் காவலுக்கென்று இங்கிலாந்தில் கட்டிய இரண்டு கவசக் கப்பல்களுக்கு மக்தலா, அபிசீனியா என்று பெயரிட்டார்கள்.

கரையில் பீரங்கிகள் இருக்கும்போது கப்பல் எதற்கு? அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பார்த்தால் புரியும். 1863 ஏப்ரல் 16 இரவு, வடக்குத் தரப்பின் கடற்படைத் தளபதி போர்ட்டரின் கவசக் கப்பல்கள் மிசிசிப்பி ஆற்றில் விக்ஸ்பர்க் நகரத்துப் பீரங்கிகளைக் கடந்தன. காப்புக்குப் பஞ்சு மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். நகரைக் காத்த தெற்குத் தரப்பினர் கரையில் தீ மூட்டி, அந்த வெளிச்சத்தில் சுட்டார்கள். மூழ்கியது ஒரே ஒரு சரக்குக் கப்பல். பஞ்சு விலையை ஏற்றிப் பம்பாயைச் செல்வ நகரமாக்கிய அதே போர், கரைப் பீரங்கி மட்டும் துறைமுகத்தைக் காக்காது என்பதையும் காட்டிவிட்டது.

மக்தலாவின் நீளம் சுமார் 69 மீட்டர். உடல் நீர்மட்டத்துக்குச் சற்று மேலேதான் தெரியும். எதிரிக்குக் குறி சிறிது. கவசம் போர்த்த வேண்டிய பரப்பும் குறைவு. ஆனால் அலை தளத்தின் மேல் ஏறிவிடுமே? வடிவமைப்பாளர் எட்வர்ட் ரீட், கப்பலின் நடுவில் மார்பளவு அரண் போல ஒரு கவசச் சுவரை எழுப்பினார். புகைபோக்கியும் இறங்குவழிகளும் அதற்குள் அடங்கின. சுவரின் இரு முனைகளிலும் சுழலும் கோபுரங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பீரங்கிகள். ஒரு பீரங்கியின் எடை 18 டன். குண்டை அதன் வாய்வழியே திணிக்க வேண்டும். கோபுரக் கவசத்தின் தடிமன் 25 சென்டிமீட்டர் வரை.

துறைமுகத்துக்கென்றே பிறந்த கப்பல் பெருங்கடலைக் கடக்க, தற்காலிகமாக மூன்று பாய்மரங்களை நட்டார்கள். 1870–71 குளிர்காலத்தில் பம்பாய் வந்த மக்தலா, சுடும் பயிற்சிக்குப் போன குறும்பயணங்கள் தவிர அங்கிருந்து நகரவே இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்தலா, அபிசீனியா இரண்டையும் விற்றுவிட்டார்கள். இதே வடிவில் மெல்போர்னுக்காகக் கட்டிய செர்பரஸ் மட்டும், சிதைந்த நிலையில், அங்குள்ள ஹாஃப் மூன் விரிகுடாவில் இன்றும் கிடக்கிறது.