மே மாதத்தில் வீடு பார்க்காதீர்கள்

பள்ளிக்கூடத்தை ஒட்டித்தான் சென்னையில் பெரும்பாலான குடும்பங்கள் வீடு மாறுகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் வீடு பார்த்து, அட்வான்ஸ் கொடுத்து, பள்ளி திறப்பதற்குள் பால் காய்ச்சிவிடுகிறார்கள். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் நீண்டபின், அப்படி வீடு தேடுகிறவர்களின் பார்வை வடசென்னைப் பக்கமும் திரும்பியிருக்கிறது. காலடிப்பேட்டையிலோ திருவொற்றியூர் தேரடியிலோ ஏறினால் அண்ணா சாலை வரை நெரிசலில்லாமல் போய்விடலாம். தென்சென்னையைவிட வாடகை குறைவு. கடல் பக்கம். கோயில், கடைத்தெரு, ஸ்டான்லி மருத்துவமனை எல்லாம் கைக்கெட்டும் தூரம்.

இவை எல்லாம் உண்மைதான். ஆனால் மே மாத மாலையில் பார்க்கும் வீடு, ஆண்டின் மிக நல்ல சில மணி நேரத்தை மட்டுமே உங்களுக்குக் காட்டுகிறது. மிச்ச மாதங்களைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில் காற்று. திருவொற்றியூருக்குக் கிழக்கே கடல். மேற்கே சில கிலோமீட்டரில் மணலித் தொழிற்பகுதி. கோடையில் மதியத்துக்குமேல் கடற்காற்று வீசும்போது ஆலைப் புகை ஊரைவிட்டு மேற்கே போய்விடும். வீடு பார்க்க வருகிறவர் மாடியில் நின்று, காற்று நன்றாக இருக்கிறது என்பார். ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று. மேல்காற்று மணலியைக் கடந்துதான் திருவொற்றியூருக்கு வரும். இரவிலும் விடியற்காலையிலும் ஆலை நெடி கூடுதலாகத் தெரியும். ஐப்பசிக்குமேல் வாடைக்காற்று; அது எண்ணூரின் அனல்மின் நிலையங்கள் இருக்கும் வடக்கிலிருந்து வரும். வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்கள் இரண்டும் சேர்ந்து 3,000 மெகாவாட்டுக்கு மேல் திறன் கொண்டவை. எல்லாம் நிலக்கரி. எரித்தபின் மிஞ்சும் சாம்பல் குளங்களில் தேக்கப்படுகிறது. செப்பாக்கம் கிராமத்தின் பக்கத்திலேயே அப்படி ஒரு சாம்பல் குளம் இருக்கிறது.

மணலியைப் பற்றிய கவலை வெறும் ஊர்ப்பேச்சு அல்ல. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு மாசு மதிப்பெண் போட்டது. 70-ஐத் தாண்டினால் மிக மோசமாக மாசுபட்ட பகுதி என்று பொருள். மணலி பெற்றது 76.32. 

இரண்டாவது, வெள்ளம். பூண்டி ஏரியில் திறக்கும் உபரிநீர் கொசஸ்தலை ஆறு வழியாக, மணலி புதுநகர், சடையங்குப்பம் பக்கமாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்து கடலில் சேரும். முகத்துவாரம் தூர்ந்திருந்தாலோ கடல் ஏற்றத்தில் இருந்தாலோ அந்த நீர் பின்வாங்கி ஊருக்குள் ஏறும். 2021 நவம்பரில் மணலி புதுநகர் வீடுகள் இப்படித்தான் மூழ்கின. உள்ளூரில் பெய்த மழையை மட்டும் கணக்குப் போட்டவர்களால் அதை எதிர்பார்த்திருக்க முடியாது. மழை எங்கோ மேற்கே பெய்யும். நீர் உங்கள் தெருவுக்கு வரும்.

இங்கே வெள்ளம் தண்ணீரை மட்டும் கொண்டுவருவதில்லை. 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு, மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து எண்ணெய் வெளியேறியது என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டறிந்தது. அது பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகப் பரவி எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. திருவொற்றியூர் மேற்கிலும் எர்ணாவூரிலும் வீட்டுச் சுவர்களில் எண்ணெய்க் கறை படிந்தது. எண்ணூர்க் குப்பங்களில் படகும் வலையும் கெட்டன; பல நாள் தொழில் நின்றது.

மூன்றாவது, பூமிக்குள்ளும் மதிலுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பவை. எண்ணெய் பரவி ஏறக்குறைய மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் கரையருகே, கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுசெல்லும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. கண் எரிந்து, மூச்சு முட்டி மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

2020 ஆகஸ்டில் அமோனியம் நைட்ரேட் வெடித்து பெய்ரூட் துறைமுகம் சிதறியதும் இங்கே ஒரு செய்தி வெளிவந்தது. சுங்கத்துறை 2015-இல் பறிமுதல் செய்த 697 டன் அமோனியம் நைட்ரேட், 37 கண்டெய்னர்களில் மணலியில் ஒரு சரக்குக் கிடங்கில் அதுவரை கிடந்தது. பிறகு அவசரமாக ஹைதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. ஐந்து வருடங்களாக அந்த வட்டாரத்தில் வீடு வாங்கியவர்களுக்கும் வாடகைக்கு வந்தவர்களுக்கும் யாரும் அதைச் சொல்லவில்லை.

நிலத்தடி நீரும் அப்படித்தான். தண்டையார்பேட்டையில் எண்ணெய் நிறுவனங்களின் கிடங்குகளும் குழாய்களும் இருக்கின்றன. 2013-இல் அங்குள்ள டி.எச். ரோட்டுப் பக்கத்து வீடுகளின் போர் தண்ணீரில் எரிபொருள் கலந்து வந்தது. இன்னும் வடக்கே மீஞ்சூரில், பல பத்தாண்டுகள் ஆழ்துளைக் கிணறுகளில் அளவுக்குமீறி நீர் எடுத்ததால் கடல்நீர் நிலத்துக்குள் பல கிலோமீட்டர் புகுந்துவிட்டது. அந்தப் பக்கம் போர் தண்ணீரை நம்பி மனை வாங்குகிறவர் அதைக் குடித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

இராயபுரத்தின் கதை சற்று வேறு. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கியபோது அந்தக் கரித்தூள் இராயபுரம், தண்டையார்பேட்டை வீடுகளின் தரையிலும் சாப்பாட்டுத் தட்டிலும் படிந்தது. உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2011 அக்டோபரிலிருந்து அங்கே நிலக்கரி கையாள்வது நின்றது. இராயபுரம் மூச்சு விட்டது. ஆனால் நிலக்கரி எண்ணூருக்குப் போனது. இராயபுரத்துக்கு வருகிறவர்கள் இன்று கேட்க வேண்டிய கேள்வி கண்டெய்னர் லாரிகளைப் பற்றியது. துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் டிரெய்லர்கள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையாக நிற்கும் நாட்களில் பள்ளி வேனும் ஆம்புலன்சும் அதே வரிசையில்தான் மாட்டும். பிள்ளை அந்தச் சாலையைக் கடந்து பள்ளிக்குப் போக வேண்டுமா என்பதை வாடகைக்கு முன்பே பாருங்கள்.

பள்ளிக்கும் வீட்டுக்கு வைக்கும் அதே சோதனை வேண்டும். 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் மாணவர்களுக்கு மூச்சுத்திணறலும் மயக்கமும் ஏற்பட்டு, பலர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பள்ளி நவம்பர் 4-இல் மீண்டும் திறந்த அன்றும் அதே நடந்தது. பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் பாதி பள்ளியில்தான் கழிகிறது.

ஆகவே, முடிவெடுக்குமுன் சில வேலைகள் செய்யுங்கள்.

ஆடி மாதத்தில் ஒருநாள் இரவு பத்து மணிக்கு அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். கார்த்திகையில் பெருமழைக்கு மறுநாள் இன்னொரு முறை. முடியாவிட்டால் வீட்டுக்காரரிடமும் புரோக்கரிடமும் கேட்பதோடு நிறுத்தாமல், தெருமுனை மளிகைக் கடையிலும் அதே வீட்டில் முன்பு குடியிருந்தவரிடமும் கேளுங்கள். 2021-லும் 2023-லும் தண்ணீர் எந்தப் படிவரை வந்தது? எத்தனை நாள் நின்றது? மின்மீட்டரும் மோட்டார் சுவிட்சும் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். ஊர்க்காரர்கள் அவற்றை மேலே ஏற்றி மாட்டியிருந்தால் அதற்குக் காரணம் இருக்கும்.

மணலி, இராயபுரம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் காற்றின் தரத்தைத் தொடர்ந்து அளக்கும் நிலையங்கள் இருக்கின்றன. மத்திய வாரியத்தின் சமீர் செயலியிலும் இணையதளத்திலும் அந்த அளவுகளைப் பார்க்கலாம். இன்றைய எண்ணைப் பார்த்து நிம்மதியடையாமல், கடந்த ஓராண்டின் கணக்கை மாதவாரியாகப் பாருங்கள். பி.எம். 2.5 எனும் நுண்துகளுக்கு இந்திய அரசு வைத்த ஆண்டு வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5. வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளையோ, இதயநோய் உள்ள பெரியவரோ, கர்ப்பிணியோ இருந்தால் இரண்டாவது எண்ணை மனத்தில் வையுங்கள்.

வீடு வாங்குவதானால் பட்டா, வில்லங்கச் சான்றோடு நிற்காமல், சி.எம்.டி.ஏ. நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் அந்த சர்வே எண்ணையும் அதன் அக்கம்பக்கத்தையும் பாருங்கள். ‘சிறப்பு மற்றும் அபாயகரத் தொழில்’ என்று குறித்த பகுதி எவ்வளவு அருகில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். போபால் விஷவாயு விபத்துக்குப் பின் வந்த 1989-ஆம் ஆண்டு அபாயகர ரசாயன விதிகளின்படி, பெரு விபத்து நேரக்கூடிய ஆலைகள் சுற்றியிருப்போருக்கு ஆபத்து என்ன, விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும். அப்படி ஏதாவது தகவல் வந்திருக்கிறதா என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். நாலு வீட்டில் கேட்டு ஒருவருக்கும் தெரியாவிட்டால், அதுவே ஒரு பதில்.

இத்தனைக்கும் பிறகு ஒரு குடும்பம் இங்கே வரலாம். துறைமுகத்தில் வேலை, சொந்தபந்தம், கையிருப்பு என்று நியாயமான காரணங்கள் உண்டு. அப்படியானால் வாங்காதீர்கள், முதலில் பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருங்கள். மேல்காற்றும் வாடையும் மழையும் அதற்குள் ஒரு சுற்று வந்து போய்விடும். கடன் போட்டு வாங்கிய பிறகு தெரிந்துகொள்வதைவிட அது மலிவு.

காசிமேட்டிலும் நெட்டுக்குப்பத்திலும் தலைமுறைகளாக வாழ்கிறவர்களுக்கு இந்தத் தேர்வு கிடையாது. ஆலைகள்தான் அவர்களைத் தேடி வந்தன. தேர்ந்தெடுக்கும் வசதி உள்ளவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும். வந்து குடியேறிவிட்டால், எச்சரிக்கைச் சங்கும் தப்பிக்கும் வழியும் முறையான ஒத்திகையும் வேண்டும் என்று அந்த மக்களோடு சேர்ந்து கேட்பது உங்கள் கடமையும் ஆகிவிடுகிறது.