மூக்கனேரியை எதை வைத்து அளப்பது?

சேலத்தை ஒட்டிய கன்னங்குறிச்சியில் இருக்கிறது மூக்கனேரி. சேர்வராயன் மலையில் பெய்யும் மழை வந்து சேரும் இடம். பரப்பு சுமார் 58 ஏக்கர். வறண்டு, குப்பை சேர்ந்து கிடந்த இந்த ஏரியை, மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு 2010-இல் கையில் எடுத்தது பியூஷ் மனுஷ் உள்ளிட்டோரின் சேலம் மக்கள் குழு. தூர்வாரிய மண்ணை வெளியே கொட்டாமல் ஏரிக்குள்ளேயே சிறு சிறு தீவுகளாகக் குவித்து மரக்கன்று நட்டார்கள். மழை பெய்தது, ஏரி நிறைந்தது.

சரி, வேலை பலித்ததா?

எத்தனை லோடு மண் எடுத்தோம், எத்தனை கன்று நட்டோம் என்று சொல்வது எளிது. ஆனால் அது செய்த வேலையின் கணக்குதான். விளைந்த பலனைத் தெரிந்துகொள்ள, மூன்று கோடை தாண்டி எத்தனை கன்று நிற்கிறது, ஏரியைச் சுற்றியுள்ள கிணறுகளில் எத்தனை அடியில் தண்ணீர் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு மண்வெட்டி இறங்குவதற்கு முந்தைய அளவு கையில் இருக்க வேண்டும். பெரும்பாலும் தவறிப்போவது இதுதான்.

மழையும் கணக்கைக் குழப்பும். 2015-இல் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தது. தூர்வாராத ஏரியும் நிறைந்திருக்கும். அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் அதே பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு; நன்றாகத் தூர்வாரிய ஏரியும் காய்ந்திருக்கும். அதனால், கை வைக்காத பக்கத்து ஏரி ஒன்றையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

இதற்கு நிபுணர்தான் வர வேண்டும் என்றில்லை. பிரிக்கப்படாத ஆந்திராவில் வறட்சி மிகுந்த 7 மாவட்டங்களில், 638 ஊர்களின் விவசாயிகள் மழைமானியும் கிணற்று மட்டமும் தாங்களே பார்த்துக் குறித்தார்கள். இருக்கும் தண்ணீருக்கு எந்தப் பயிர் தாங்கும் என்பதை அந்தக் கணக்கை வைத்து ஊர்கூடிப் பேசினார்கள். அளந்த கை அவர்களுடையது என்பதால் அந்த எண்ணை நம்பினார்கள்.

சேலம், நாமக்கல் பக்கம் பாறைப் பூமி. மழை பெய்ததும் கிணறு ஏறும், கோடையில் சட்டென இறங்கும். ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்ல முடியாது. மத்திய நிலத்தடி நீர் வாரியமும் ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என ஆண்டுக்கு 4 முறை அளக்கிறது.

ஊர்க்காரர்களுக்குக் கல் கட்டிய கயிறும் ஒரு நோட்டும் போதும். பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. நான்கில் ஜனவரி அளவுக்கு அதே நாட்களில் ஏரிக்கரைக் கிணறுகளிலும் கயிறு இறக்கினால், பறவைக் கணக்கும் தண்ணீர்க் கணக்கும் ஆண்டுதோறும் ஒரே பக்கத்தில் ஏறிவிடும்.