கருக்கும் பால்

மாந்தோப்பில் காயைக் காம்போடு பறிப்பார்கள். பிறகு காம்பைக் கிள்ளி, பால் வடியும்வரை கவிழ்த்து வைப்பார்கள். அந்தப் பால் தோலில் பட்ட இடம் வெந்து கருத்துவிடும். காய் விலை போகாது. முந்திரிக் குடும்பத்தை அடையாளம் காண வேண்டியவர் முதலில் கவனிக்க வேண்டியது இந்தப் பாலைத்தான்.

தாவரவியலில் ‘அனகார்டியேசி’ எனப்படும் இக்குடும்பத்தில் சுமார் 80 பேரினங்களும் 800-க்கு மேற்பட்ட இனங்களும் உண்டு. மா, முந்திரி, பிஸ்தா, சாரப்பருப்பு, ஒதியம், சேராங்கொட்டை எல்லாம் ஒரே வம்சம். பட்டையிலும் இலையிலும் பிசின் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றில் கசியும் சாறு பல இனங்களில் காற்றுப் பட்டதும் கருக்கும்.

பால் வடிவதெல்லாம் இக்குடும்பம் ஆகிவிடாது. எருக்கிலும் பால் உண்டு. ஆனால் அதன் இலைகள் எதிரெதிரே அமைந்திருக்கும். முந்திரிக் குடும்பத்தில் அவை பெரும்பாலும் மாறி மாறி வரும். ஆலிலும் பலாவிலும் இளந்தளிரை ஓர் உறை மூடியிருக்கும். இங்கே அது கிடையாது.

பூக்கள் சிறியவை, கொத்துக் கொத்தானவை. மாம்பூவைக் கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தேன் சுரக்கும் வட்டும், பெரும்பாலும் ஒரே ஒரு வளமான மகரந்தத் தாளும் தெரியும். இதைப் பார்க்காமல் மாம்பூக் காலத்தை விட்டுவிடுவது பெரிய நஷ்டம்.

ஒதியத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். வேலியில் போத்து நட்டாலே துளிர்க்கும் இந்த மரம், இலையுதிர்ந்து மொட்டையாக நிற்கும்போது பூக்கும். கருவேம்பு எனப்படும் மரத்துக்கும் ஒதியத்தைப் போலவே கூட்டிலைதான்; ஆனால் அது குங்கிலியம் தரும் மரங்களின் குடும்பம். சிற்றிலையின் ஓரத்தைப் பாருங்கள்: கருவேம்பில் பல் பல்லாக இருக்கும், ஒதியத்தில் வழவழப்பாக ஓடும்.

சேராங்கொட்டை இன்னும் சுவையான பாடம். முந்திரியைப் போலவே இதிலும் காம்பு பருத்துப் பழம்போல் ஆகிறது; அதன் நுனியில் கரிய கொட்டை உட்கார்ந்திருக்கும். இலைகள் பெரியவை, கிளை நுனியில் நெருங்கி நிற்பவை. கொட்டையின் சாற்றால் சலவைத் தொழிலாளர்கள் துணிகளில் அழியாத குறி இட்டார்கள். சித்த மருத்துவத்தில் சுத்தி செய்த பிறகே இது மருந்தாகிறது; அவ்வளவு கடுமை.

முந்திரிக்கொட்டையின் ஓட்டு எண்ணெயும் தோலைப் புண்ணாக்கும். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரோடு பிரேசிலிலிருந்து வந்த இம்மரம் இன்று பண்ருட்டிப் பக்கத்தின் பிழைப்பு. அங்கே கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்கள் அந்த எண்ணெயின் வேகத்தை அறியும். நாம் கொறிக்கும் ஒவ்வொரு பருப்புக்கும் பின்னால் அந்த விரல்கள் இருக்கின்றன.

ஆகவே காட்டுக்குள் போகும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தெரியாத மரத்தின் இலையைக் கசக்கி முகராதீர்கள். பட்டையில் கரிய கோடுகளாக வழிந்து உறைந்த சாறு இருக்கிறதா என்று முதலில் கண்ணால் தேடுங்கள். சாறு பட்டுவிட்டால், கையைக் கண்ணருகே கொண்டுபோகாமல் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இந்த மரங்களின் விறகை அடையாளம் தெரியாமல் எரிக்கவும் வேண்டாம். சில இனங்களின் புகைகூட எரிச்சல் தரும்.