வாடகைக் கட்டடத்தின் பொறுப்பு கைமாறும்போது

வாடகைக் கட்டடம் ஒன்றின் நிர்வாகத்தை ஏற்பவர் சாவிக்கு முன்பே கேட்டு வாங்க வேண்டியது கணக்கு. எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார், வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, பாக்கி உண்டா என்று வீடு வீடாக எழுதி, பழைய பொறுப்பாளரிடமும் குடியிருப்பவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். வாய்ப்பேச்சாக விட்டவையே பின்னால் தகராறாகின்றன.

போடிநாயக்கனூர் போன்ற தென்மாவட்ட ஊர்களில் ஒரே கட்டடத்தில் சில வீடுகள் வாடகைக்கும் சில ஒத்திக்கும் விடப்பட்டிருக்கலாம். ஒத்தி வீட்டுக்கு மாத வாடகை கிடையாது. மொத்தமாக வாங்கிய தொகையைத் திருப்பிக் கொடுத்தால்தான் வீடு கைக்கு வரும். ஆகவே ஒத்திப் பணமும் அட்வான்ஸும் வரவல்ல, கடன். கட்டடத்தை விலைக்கு வாங்குபவர் அவற்றை யார் திருப்பித் தருவது என்பதைக் கிரயத்துக்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

அடுத்தது சட்டம். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017இல் இயற்றப்பட்ட நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழக நகர்ப்புறங்களில் நடைமுறையில் உள்ளது. இதன்படி வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. உரிமையாளர் மேலாளரை நியமித்தால், அவர் யார், எதற்கெல்லாம் அதிகாரம் பெற்றவர் என்பதைக் குடியிருப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும். பாக்கி வைத்தவர் வீட்டுக்கும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது.

பழுதுபார்ப்பையும் இச்சட்டம் பிரித்துத் தருகிறது. சுவர் விரிசல், வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுதல், வயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. எழுதிய ஒப்பந்தம் வேறு விதமாகச் சொன்னால் அதன்படி நடக்கலாம்.

பிறகு கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மீட்டரும் எந்த வீட்டுக்கு உரியது, மின் இணைப்பு யார் பெயரில் உள்ளது, சொத்துவரி எதுவரை கட்டப்பட்டுள்ளது, தரைத்தொட்டி மோட்டார் எந்த மீட்டரில் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். மோட்டார் ஒருவர் வீட்டு மீட்டரில் ஓடினால் கட்டடம் முழுவதற்குமான கட்டணம் அவர் தலையில் விழும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதற்குள் மொட்டைமாடித் தண்ணீர் வெளியேறும் வழியைச் சுத்தம் செய்துவிட வேண்டும்.

போடியிலிருந்து அதிகாலையில் ஜீப் ஏறி, போடிமெட்டைத் தாண்டி கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் குடும்பங்கள் பல. வீட்டைப் பார்வையிட 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். அவர்கள் வீட்டிலிருக்கும் விடுமுறை நாளைத் தேர்வது நியாயம். வாடகைத் தேதியையும் அவர்கள் கூலி வாங்கும் நாளையொட்டிப் பேசிக்கொண்டால் பாக்கி சேராது.

வாங்கும் ஒவ்வொரு தொகைக்கும் கையெழுத்திட்ட ரசீது கொடுக்க வேண்டும். நிர்வாகம் மறுபடி கைமாறும் நாளில் உரிமையாளரையும் குடியிருப்பவரையும் ஒருங்கே காப்பது அந்த ரசீதுதான்.