பழைய படமும் புதிய திருத்தமும்

நம்மில் பலர் வீட்டில் தாத்தாவின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும்; அதுவும் கறையேறி, ஓரம் அரித்துப் போயிருக்கும். அதைக் கணினியில் பதிந்து சீர்செய்யலாம். அதற்கு உதவும் மென்பொருள்களில் ஒன்று கிம்ப். அதற்கு விலை கிடையாது. அது எழுதப்பட்ட விதத்தையும் யாரும் படித்துத் திருத்தலாம்.

1995-இல் கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழக மாணவர்களான ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் இருவரும் இதைத் தொடங்கினார்கள். அவர்கள் விலகிய பின் பல நாட்டார், பெரும்பாலும் சம்பளமின்றி, வேலையைத் தொடர்ந்தார்கள்.

ஒரு குறை மட்டும் நெடுநாள் இருந்தது. படத்தைக் கூர்மையாக்கினாலும் மங்கலாக்கினாலும் அந்த மாற்றம் படத்திலேயே ஊறிவிடும். குழம்பில் உப்புக் கூடினால் பிரித்தெடுக்க முடியுமா? உடனே கவனித்தால் ஒரு படி பின்னே போகலாம். சேமித்து மூடிவிட்டால் போனது போனதுதான்.

மேலே ஒட்டுப் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. அடித்தளத்தையே மாற்ற வேண்டும். ஜி.இ.ஜி.எல். என்னும் அந்த அடித்தள வேலை 2000-இல் தொடங்கியது. 2018-இல் வந்த 2.10 பதிப்பு ஏறக்குறைய முழுமையாக அதன்மேல் அமர்ந்தது. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில்தான், செய்த மாற்றத்தைத் தனியே வைத்து, வேண்டும்போது கூட்டவும் குறைக்கவும் நீக்கவும் வழி பிறந்தது. இருபத்தைந்து ஆண்டுகள்! தாமதம்தான், ஆனால் அவசர ஒட்டு வேலையைவிட இது மேல் என்றே நாம் நினைக்கிறோம்.

ஒன்று கவனியுங்கள். கிம்பின் சொந்த எக்ஸ்.சி.எஃப். கோப்பாகச் சேமித்தால்தான் இந்த வசதி நிலைக்கும். ஜேபெக் படமாக மட்டும் எடுத்து வைத்தால், உப்பு மறுபடியும் குழம்பில் கரைந்துவிடும்.