வளையலை அடகு வைக்குமுன்...

"அக்கா, பெண்ணுக்கு வெளிநாட்டிலே இங்கிலீஷ் டீச்சர் வேலையாம். ஏஜெண்டுக்கு ஒன்றரை லட்சம் கட்டணும். வளையலை அடகு வைக்கப் போறேன்" என்றாள், சிங்கப்பெருமாள் கோவிலில் எங்கள் எதிர்வீட்டுக்காரி. எனக்குப் பகீரென்றது.

ஒரு காலத்தில் நம் ஆசிரியர்கள் நைஜீரியா போய்க் கைநிறையச் சம்பாதித்தார்கள். 1980-ல் ஒரு நைரா ஒரு டாலரை விட உசத்தி! 1986-ல் நைராவின் மதிப்பு சரிந்ததும், ஊருக்கு அனுப்பும் பணமும் சுருங்கிவிட்டது. 2011-ல் சவூதி, 'நிதாகத்' திட்டத்தில் தன் நாட்டவருக்கே வேலையில் முதலிடம் என்றது. சீனாவில் 2021-ல் லாபத்துக்கு நடத்தும் பாட டியூஷனுக்குத் தடை வந்து, பல இங்கிலீஷ் பயிற்சி நிலையங்கள் மூடப்பட்டன. இடம் குறைந்தால் சம்பளமும் இறங்கத்தானே செய்யும்?

ஆகவே தாய்மார்களே, பணம் கட்டுமுன் ஏஜெண்டின் பதிவை மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பாருங்கள். 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர அவர் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. வீட்டு வாடகை யார் பொறுப்பு, லீவு மாதங்களுக்குச் சம்பளம் உண்டா, திரும்பி வர டிக்கெட் உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். வாடகை, சாப்பாடு போக மிஞ்சுவதுதான் உண்மையான சம்பளம்.

எதிர்வீட்டுப் பெண் இப்போது ஒரகடம் தொழிற்சாலைப் பிள்ளைகளுக்கு மாலையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தருகிறாள். நல்ல இடம் அமைந்தால் போகட்டுமே! அம்மாவின் வளையல் கையிலேயே இருக்கிறது.