ஒரே மணி, நான்கு வயது

காலை ஒன்பது மணிக்கு முன்னால் தமிழ்நாட்டின் எந்தத் தாலுகா ஊரிலும் இந்தக் காட்சியைக் காணலாம். டவுன் பஸ் ஒன்று வந்து நிற்கும். இரட்டைப் பின்னலை மடித்து ரிப்பன் கட்டிய சிறுமிகள் முப்பது நாற்பது பேர் அதிலிருந்து இறங்குவார்கள். முதுகில் பை, கையில் சாப்பாட்டுக் கூடை, வாயில் பாதியில் நின்ற பேச்சு. சாலையைக் கடந்தால் நீண்ட மதில் சுவர், இரும்புக் கதவு, அதற்கு மேல் ‘அரசினர் மகளிர் மேல்நிலைப் பள்ளி’ என்ற பலகை.

ஊர்க்காரர்களுக்கு அது ஒரே பள்ளிக்கூடம். உள்ளே போகிறவர்களுக்கோ அப்படியல்ல. ஆறாம் வகுப்புச் சிறுமியைக் கேட்டால் ஒரு பள்ளிக்கூடத்தைச் சொல்வாள். எட்டாம் வகுப்புப் பெண் சொல்வது வேறொன்று. பத்தாம் வகுப்பு மாணவியிடம் கேட்டால் பரீட்சையைத்தான் சொல்வாள். பிளஸ் டூ மாணவியோ பள்ளியைப் பற்றிப் பேசத் தொடங்கி, அதற்குப் பிறகு என்ன என்பதில் வந்து முடிப்பாள். மணி என்னவோ ஒன்றுதான். கேட்கிற காதுகளின் வயதுதான் வேறு.

ஆறாம் வகுப்பு: வழி தெரியாத முதல் மாதம்

பத்து பதினோரு வயதில் இங்கே வருகிற சிறுமிக்கு முதல் ஆச்சரியம் பள்ளியின் அளவு. அவள் படித்து வந்த ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளியில் இரண்டு மூன்று அறைகள்தான். டீச்சருக்கு அவளுடைய அம்மாவைத் தெரியும், பாட்டியையும் தெரியும். இங்கேயோ ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு டீச்சர். ஒரே வகுப்பில் ‘ஏ’, ‘பி’, ‘சி’ என்று பிரிவுகள். தண்ணீர் குடிக்கப் போனவள் திரும்பி வரும்போது வேறு பிரிவில் நுழைந்துவிட்டு, எல்லோரும் சிரிக்க, அழுதுகொண்டே வெளியே ஓடுவது முதல் மாதத்தில் சகஜம். பிளஸ் டூ அக்காமார்கள் அவள் கண்ணுக்கு டீச்சர்களைப் போலவே தெரிவார்கள்.

அவளுக்கு மிகவும் பிடித்த மணி எது? சந்தேகமே வேண்டாம், மத்தியான மணிதான். அதற்குக் காரணம் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரையில் காலையிலும் பள்ளியில் சாப்பாடு உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆறாம் வகுப்புக்கு அது கிடையாது. ஏழரை மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவரும் பெண் வீட்டில் ஒரு வாய் காப்பியோடு கிளம்பியிருப்பாள். மூன்றாவது பீரியடில் கரும்பலகையில் பின்னக் கணக்கு ஓடும். அவள் நினைவோ சமையற்கூடத்திலிருந்து வரும் சாம்பார் வாசனையில் இருக்கும்.

இந்த மத்தியான உணவுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் 1920-ல் இதைத் தொடங்கியது. காமராஜர் ஆட்சியில் 1956-ல் மாநிலத் திட்டமாக அது விரிந்தது. எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவாக்கினார். 1984-ல் பத்து முதல் பதினைந்து வயது வரையுள்ள மாணவர்களுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. 2010 முதல் வாரத்துக்கு 5 முட்டை. ஆறாம் வகுப்புச் சிறுமிக்கு இந்த ஆண்டுக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் முட்டையின் கணக்கை அவளிடம் யாரும் ஏமாற்ற முடியாது.

எட்டாம் வகுப்பு: உரக்கச் சொல்லாத பாடம்

பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடம் என்றால் தோழிகள். யார் யார் பக்கத்தில் உட்காருவது, யார் யாரோடு ‘டூ’ விட்டது, ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் யார் என்ன எழுதியது என்பதெல்லாம்தான் அவளுடைய அன்றாடச் செய்தி. பள்ளிக் கதவுக்கு வெளியே கூடைக்காரம்மாவிடம் மாங்காய்க் கீற்று வாங்கினால், மிளகாய்ப் பொடி தொட்டு ஐந்து பேர் ஆளுக்கு ஒரு கடி கடிப்பார்கள். பி.டி. பீரியடில் கோகோ ஆட்டம் தொடங்கிவிட்டால் மைதானமே அதிரும்.

இவ்வளவு பேசுகிறவள் ஒன்றை மட்டும் உரக்கச் சொல்ல மாட்டாள். மாதத்தில் சில நாட்கள் அவளுக்குக் கடைசிப் பெஞ்சு வேண்டும். எழுந்து பதில் சொல்லத் தயங்குவாள். தோழி பின்னாலேயே நடந்து வந்து, பாவாடையில் கறை பட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வாள். ‘வயிற்றுவலி, டீச்சர்’ என்ற இரண்டு வார்த்தைகளில் எல்லாம் அடங்கும். பெண் டீச்சருக்கு அது போதும். மகளிர் பள்ளியில் இருக்கும் பெரிய சௌகரியமே அதுதான்.

கழிவறை சரியில்லாத பள்ளிகளில் பெண்கள் ஒரு தந்திரம் கற்றுக்கொள்கிறார்கள். காலை முதல் மாலை வரை தண்ணீரே குடிக்காமல் இருப்பதுதான் அந்தத் தந்திரம். எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத இந்தப் பாடத்தை எந்தப் பெண் குழந்தையும் கற்க வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது. வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் வழங்கும் திட்டம் 2011-ல் அறிவிக்கப்பட்டு நடைமுறைக்கு வந்தது. நல்ல திட்டம். ஆனால் நாப்கின் மட்டும் இருந்தால் போதாது. குழாயில் தண்ணீர் வர வேண்டும். கதவில் தாழ்ப்பாள் இருக்க வேண்டும். கோட்டையில் போடப்பட்ட உத்தரவு உயிர் பெறுவது அந்தத் தாழ்ப்பாளில்தான்.

பருவம் எய்தினால் படிப்பு நின்றது என்பது ஒரு காலத்து வழக்கம். புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டிக்கும் பருவ வயதில் பள்ளிக்குப் போவது நின்றது. வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். பின்னர் ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில், திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார். 1912-ல் டாக்டரானார். 1927-ல் சென்னைச் சட்ட மேலவையின் முதல் பெண் உறுப்பினரானார். அன்று அவர் ஒருவர் தாண்டியது பெரிய மதில். இன்று எட்டாம் வகுப்புப் பெண்கள் லட்சக்கணக்கில் அதைத் தாண்டி வருகிறார்கள். தாழ்ப்பாள் இல்லாத ஒரு கதவு அவர்களைத் தடுத்து நிறுத்தலாமா?

பத்தாம் வகுப்பு: பதில் வராத பெயர்

பத்தாம் வகுப்பு வந்ததும் மைதானம் தூரமாகிவிடும். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் டெஸ்ட். ஒரு மார்க் கேள்விகளை வராந்தாவில் ஒருத்தி கேட்க, ஒருத்தி ஒப்பிப்பாள். இவளுடைய நாள் பள்ளி மணியோடு தொடங்குவதுமில்லை, முடிவதுமில்லை. குழாயில் தண்ணீர் பிடித்து, தம்பியைக் குளிப்பாட்டி, அம்மா வேலைக்குப் போகிற வீடானால் உலையும் வைத்துவிட்டுத்தான் கிளம்புவாள். ஸ்பெஷல் கிளாஸ் முடிவதற்குள் ஊருக்குப் போகும் பஸ் போய்விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு இருட்டிவிடும். பெண்ணைப் பெற்றவர்கள் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ‘இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்க வேண்டுமா?’ என்ற பேச்சு பல வீடுகளில் அந்த இருட்டில்தான் ஆரம்பமாகிறது.

பிறகு ஒரு நாள், வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரை வாசித்தால் பதில் வராது. மறுநாளும் வராது. காய்ச்சல் என்பார்கள், ஊருக்குப் போயிருக்கிறாள் என்பார்கள். உண்மை முதலில் தெரிவது பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழிக்குத்தான். அவள் டீச்சரிடம் சொல்லலாமா கூடாதா என்று இரண்டு நாள் தவிப்பாள். சொன்னால் நட்பு போய்விடுமோ என்ற பயம். சொல்லாவிட்டால் தோழியே போய்விடுவாளே என்ற பயம்.

சட்டத்தில் ஐயப்பாட்டுக்கு இடமில்லை. 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்குத் திருமணம் செய்துவைப்பது குற்றம். 1098 என்ற எண்ணுக்கு யாரும் போன் செய்யலாம். கூப்பிடக் காசு இல்லை. எத்தனையோ வகுப்பு ஆசிரியைகள் மாலையில் நேராக அந்த வீட்டுக்கே போய், திண்ணையில் உட்கார்ந்து தாய் தகப்பனிடம் பேசிப் பெண்ணைத் திரும்ப அழைத்து வந்திருக்கிறார்கள். அந்த வேலைக்குச் சம்பளப் பட்டியலில் இடம் கிடையாது.

முத்துலட்சுமி ரெட்டி பிறந்த அதே 1886-ல் பிறந்தவர் சகோதரி சுப்புலட்சுமி. குழந்தைப் பருவத்திலேயே மணமாகி விதவையானவர். தகப்பனார் அவரைப் படிக்க வைத்தார். 1911-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். தம்மைப் போன்ற சிறுமிகள் தங்கிப் படிக்க ஓர் இல்லம் தொடங்கினார். கடற்கரையோர ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் அது பல ஆண்டுகள் நடந்தது. வாழ்க்கை முடிந்துவிட்டது என்று ஊர் கருதிய சிறுமிகள் அங்கிருந்து ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். பதில் வராத பெயரை மறுபடி அழைத்துப் பார்க்கும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

பிளஸ் டூ: கதவுக்கு அப்பால்

1978-ல் பிளஸ் டூ முறை தமிழ்நாட்டுக்கு வந்தபோது, அதுவரை கல்லூரியில் பி.யு.சி.யாக இருந்த படிப்பு பள்ளிக்கூடத்துக்குள் வந்தது. பெண்களுக்கு இதனால் விளைந்த நன்மை கொஞ்சமல்ல. தெரிந்த பள்ளி, தெரிந்த டீச்சர் என்பதால் ‘இன்னும் இரண்டு வருஷம் படிக்கட்டும்’ என்று பெற்றோர் சம்மதிப்பது எளிதாயிற்று. பிளஸ் ஒன் மாணவிக்கு அரசு தரும் இலவச ஸைக்கிள் இன்னொரு துணை. பஸ் வராத ஊர்ப் பெண்ணுக்கு அது வெறும் வாகனமல்ல. நேரத்துக்கு வந்துவிடுவேன் என்று வீட்டாருக்கு அவள் கொடுக்கும் வாக்குறுதி.

அக்கவுண்டன்சி குரூப் மாணவி பாங்கு வேலையைப் பற்றிப் பேசுவாள். பயாலஜி குரூப் மாணவி நர்ஸிங் என்பாள். மருத்துவக் கல்லூரி என்று தயங்கித் தயங்கிச் சொல்பவளும் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடஒதுக்கீடு 2020-ல் வந்த பிறகு அந்தத் தயக்கம் சற்றே குறைந்திருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. தொகை பெரிதில்லை என்று சிலர் சொல்லலாம். ‘கல்லூரிக்குப் பஸ் செலவுக்கு என்ன செய்வது?’ என்று தகப்பனார் கேட்கும்போது, பதில் சொல்லத் தன் கையிலேயே ஒன்று இருக்கிறது என்பது அந்தப் பெண்ணுக்குத்தான் தெரியும்.

கடைசிப் பரீட்சை முடிந்த மத்தியானம், கெடுபிடியான டீச்சர்கள்கூடக் கண்டும் காணாமல் இருப்பார்கள். பேனா மையை ஒருவர் மேல் ஒருவர் தெளித்து யூனிபாரத்தை நீலமாக்குவார்கள். ஆட்டோகிராப் நோட்டுகள் கை மாறும். சிரித்துக்கொண்டே தொடங்குவது அழுகையில் முடியும்.

மதிலுக்கு வெளியே உள்ளவர்கள்

நான்கு வயதுகளும் சொல்வதைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. பெண்ணின் படிப்பு பெரிய தடைகளால் மட்டும் நிற்பதில்லை. காலைப் பசி, தாழ்ப்பாள் இல்லாத கதவு, மாலையில் தவறவிட்ட பஸ் என்று சின்னச் சின்னக் காரணங்கள் சேர்ந்தும் நிற்கின்றன. சின்னக் காரணங்களுக்குச் சின்னப் பரிகாரங்கள் உண்டு. பஸ் நேரத்தை ஸ்பெஷல் கிளாஸுக்கு ஏற்ப அரை மணி மாற்றுவதும், உடைந்த கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதும் பள்ளி மேலாண்மைக் குழுவும் ஊர்ப் பெரியவர்களும் மனம் வைத்தால் நடக்கிற காரியங்கள்தாம்.

ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களின் பட்டியலையும் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவர்களின் பட்டியலையும் ஒவ்வோர் ஊரும் வருஷத்துக்கு ஒரு முறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். இரண்டிலும் அதே பெயர்கள் இருந்தால் அந்த ஊர் பெருமைப்படலாம். ஒரு பெயர் குறைந்தாலும், அவள் எங்கே என்று கேட்க வேண்டியது பள்ளிக்கூடம் மட்டுமல்ல.